வெறி முறிந்த பிறகு

யாழ்ப்பாணத் தமிழில் "ஓம்" என்றால் ஆமாம். அகராதி அவ்வளவுதான் சொல்லும். ஆனால் அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது நான் எத்தனை தரம் "ஓம்" சொல்கிறேன் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். "ஓம்... ஓமம்மா... ஓம்." அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டேன் என்று அதற்குப் பொருள் இல்லை. காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று பொருள். சில வேளைகளில், போதும், இத்தோடு நிப்பாட்டுங்கோ என்றும் பொருள்.

இதை எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு பொலிஸ் விசாரணை அறை.

நான் இங்கிலாந்தில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்து 17 வருடமாகிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், பொலிஸ் நிலையம், எங்கே கூப்பிட்டாலும் போவேன். உள்ளே கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே இங்கே வருகிறவரின் வயது, வேலை, வீடு, குற்றச்சாட்டு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் விட்டது மணிக்கணக்கையும் அவர் வாயில் வந்த சில வசனங்களையும் மட்டும்.

பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் ஒரு வீடு. சனிக்கிழமை இரவு. குடி, காசு பற்றிய வாய்த்தர்க்கம், உடைந்த போத்தல், ஒருவருக்குக் கையில் ஆழமான வெட்டு. இரவு 11.30க்குப் பொலிஸ் வந்தபோது இவர் படிக்கட்டில் சாய்ந்து கிடந்திருக்கிறார், எழும்ப முடியாத வெறி. வெறியில் இருப்பவரை விசாரிக்கக்கூடாது என்பது இங்கே எழுதப்பட்ட விதி. அவரைப் படுக்க விட்டார்கள். காலையில் எனக்கு அழைப்பு வந்தது. நான் போய், சட்டத்தரணி வந்து, அவரோடு தனியே கதைத்து, விசாரணை தொடங்கியபோது பகல் 1.40. கடைசியாகக் குடித்தது இரவு பத்து, பத்தரை என்றால், கிட்டத்தட்ட 15 மணித்தியாலம் ஆகிவிட்டது. வெறி முறிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். முறிந்துதான் இருந்தது.

சட்டத்தரணியோடு இருந்த சின்ன அறையில் அவர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு இருந்தார். குளிர் என்று நினைத்தேன். ஆனால் நெற்றியில் வியர்வை. தேத்தண்ணி கொடுத்தார்கள். கோப்பையைத் தூக்கவில்லை, மேசைமேல் குனிந்து வாயைக் கோப்பைக்குக் கொண்டுபோய் உறிஞ்சினார். இப்படித் தேத்தண்ணி குடித்த ஒரு பெரியப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். காலையில் முதல் கிளாஸ் உள்ளே போகும்வரை அவரால் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாது. தெரிந்திருந்தும் அன்று அந்த அறையில் நான் வாய் திறக்கவில்லை. உரைபெயர்ப்பாளர் சொந்தமாக எதுவும் சொல்வதில்லை என்ற பழக்கம் அவ்வளவு ஊறியிருக்கிறது.

விசாரணை தொடங்கும்போது எச்சரிக்கை வாசகம் ஒன்று படிப்பார்கள். நீங்கள் எதுவும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் நம்பியிருக்கப்போகும் ஒன்றைக் கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உங்கள் எதிர்வாதத்தைப் பாதிக்கலாம். சொல்வது எதுவும் சாட்சியமாகலாம். தெளிவான தலையோடு இருப்பவருக்கே இதை இரண்டு தரம் விளக்க வேண்டியிருக்கும். விளங்கினதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள் என்று துப்பறிவாளர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். "பேசினாலும் பிழை, பேசாட்டியும் பிழை. அப்பிடித்தானே அக்கா?"

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். துப்பறிவாளர் பொறுமையாகத் திரும்ப விளக்கினார். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கில்லை. குரல் உயர்த்தவில்லை, மேசையில் தட்டவில்லை, பொய் சொல்லி மிரட்டவில்லை.

நீங்கள் குசினியில் நின்றீர்களா? ஓம். காசு பற்றி வாக்குவாதம் வந்ததா? ஓம். போத்தலைக் கையில் எடுத்தீர்களா? ஓம்... ஓம். ஒவ்வொன்றையும் ஒலிவாங்கிக்குக் கேட்கும்படி "யெஸ்" என்று சொல்லிக்கொண்டு போனேன். அந்த மூன்றாவது ஓம் மற்ற இரண்டையும் விட மெதுவாக, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. இன்னும் ஐந்தாறு கேள்விகள் போயின. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அவர் கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ. நான் வெளியில போகோணும்."

அந்த அறையில் சொல்லப்படும் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது என் கடமை. சொன்னேன். சட்டத்தரணி பேனையை மேசையில் வைத்தார். துப்பறிவாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைப் பதிவுக்காக உரக்கச் சொல்லி, விசாரணையை இடைநிறுத்தினார். 21 நிமிடம் ஓடியிருந்தது.

தாதி வந்து கைகளை நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். நீட்டிய கைகளின்மேல் ஒரு வெறும் கடதாசியை வைத்தார். கடதாசி படபடவென்று அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும்.

பிறகு தாதி கேட்ட கேள்வியில் "வித்ட்ரோவல்" என்ற சொல் இருந்தது. கலைச்சொல் பட்டியல்களில் அதற்கு "விலகல் அறிகுறிகள்" என்று இருக்கும். அதைச் சொன்னால் நடுங்கிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு என்ன விளங்கும்? பாங்கில் காசு எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நான் தாதியிடம் அனுமதி கேட்டுவிட்டு, "தம்பி, குடி நிண்டா உங்களுக்கு என்ன செய்யும்?" என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது. "சுவரில பூச்சி ஊரும் அக்கா."

முந்தின இரவு தொலைபேசி வழியாக வேறொரு உரைபெயர்ப்பாளரை வைத்து, எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "இடைக்கிடை, கொஞ்சம்" என்று சொல்லியிருக்கிறார். முகம் தெரியாத தமிழ்க் குரலுக்கு வேறு என்ன சொல்வார்? அந்தக் "கொஞ்சம்" பதிவேட்டில் ஏறி, காலையில் அதைப் பார்த்தவர்களுக்கு இவர் வழமையான சனிக்கிழமைக் குடிகாரராகத் தெரிந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். மாதக்கணக்கில் படித்தேன்.

நாள்தோறும் குடிப்பவரின் மூளை மதுவுக்கு எதிராகத் தன்னைச் சரிசெய்து வைத்திருக்கிறது. மது பிரேக் பிடிக்கிறது, மூளை அக்சிலரேட்டரை அழுத்திச் சமன் செய்கிறது. மது திடீரென நின்றால் அக்சிலரேட்டர் மட்டும் மிஞ்சும். 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குச் சன்னி பிடித்து, இல்லாததைக் கண்டு, கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஹெரோயினின் கணக்கு வேறு. கடைசி ஊசிக்குப் பிறகு 8 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்சு, வயிற்றுப் பிடிப்பு, வாந்தி. இரண்டு மூன்று நாளில் உச்சம். அதனால் பெரும்பாலும் சாவு வராது, ஆனால் சாகப்போகிறேன் என்று உடம்பு சத்தியம் செய்யும். இங்கே பாவிப்பவர்கள் அதை "ராட்லிங்" என்பார்கள், கிலுகிலுப்பை மாதிரி எலும்பெல்லாம் குலுங்குவது. கிராக் கொக்கெயின் இறங்கும்போது ஆளை நித்திரையும் சந்தேகமும் சேர்த்து அமுக்கும். நித்திரைக் குளிசைகளை அள்ளிப் போட்டவருக்கோ அந்த மணித்தியாலங்களே நினைவில் பதியாமல் போகலாம்.

இப்போது சட்டத்தின் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டப்படி, "பேஸ்" என்று எல்லோரும் சுருக்கிச் சொல்வது, சந்தேக நபரை குற்றம் சாட்டாமல் 24 மணித்தியாலம் வைத்திருக்கலாம். பாரிய குற்றமென்றால் உயரதிகாரி அனுமதியோடு 36, நீதவான் அனுமதித்தால் அதிகபட்சம் 96. பொலிஸ் நிலையத்துக்குள் கொண்டுவந்த நேரத்திலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. போதையில் இருந்தால் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். ஓய்வு கொடுக்க வேண்டும். சட்டத்தரணி வரவேண்டும், எங்களைப் போன்றவர்கள் வந்து சேரவேண்டும். எல்லாம் முடிந்து ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தும்போது 12, 15, 18 மணித்தியாலம் போயிருக்கும். சனிக்கிழமை மட்டும் குடிப்பவருக்கு அது நல்ல நேரம், தலையிடி மட்டும் இருக்கும். நாள்தோறும் குடிப்பவருக்கும் ஹெரோயின் பழக்கமுள்ளவருக்கும் குழியின் விளிம்பு அதுதான். அவரைக் காப்பாற்ற எழுதிய காத்திருப்பு விதியே அவரைக் கொண்டுபோய் அங்கே விடுகிறது. போதைக்கும் நடுக்கத்துக்கும் இடையில் அவர் தெளிவாக இருக்கும் நேரம் மிகக் குறுகியது, அதுவும் விடியற்காலையில், எல்லோரும் நித்திரையாக இருக்கும்போது கடந்துபோய்விடும்.

இதைச் சட்டம் அறியாமல் இல்லை. பேஸ் நடைமுறைக் கோவையின் பின்னிணைப்பு ஒன்று, ஒருவர் விசாரணைக்குத் தகுதியானவரா என்பதைப் பற்றியே பேசுகிறது. விசாரணை அவரது உடலையோ மனத்தையோ கடுமையாகப் பாதிக்குமா? அவர் சொல்வது, அவர் இருக்கும் நிலையால், பின்னர் நம்பமுடியாததாகக் கருதப்படுமா? இரண்டையும் பார்க்கவேண்டும். காவலில் வைத்திருக்கத் தகுதி வேறு, கேள்வி கேட்கத் தகுதி வேறு. காகிதத்தில் நல்ல விதி. ஆனால் அதைத் தொடக்கி வைக்க யாராவது அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்க்கவேண்டும்.

என்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்தவை இரண்டு பழைய தீர்ப்புகள். பேஸ் சட்டத்தின் 76ஆம் பிரிவு, சொல்லப்பட்ட அல்லது செய்யப்பட்ட ஏதோ ஒன்றின் விளைவாக நம்பமுடியாததாக ஆகியிருக்கக்கூடிய ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்கிறது. 1988இல் கோல்டன்பேர்க் வழக்கு. ஹெரோயின் பழக்கமுள்ள ஒருவர், தானே கேட்டு விசாரணைக்கு வந்து கதைத்தார். எப்படியாவது பிணையில் போய் மருந்து எடுக்கவே கதைத்தார் என்பது அவர் தரப்பு வாதம். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. "சொல்லப்பட்ட அல்லது செய்யப்பட்ட" என்பது வாக்குமூலம் கொடுத்தவருக்கு வெளியே இருந்து வந்ததாக இருக்கவேண்டும், அவருக்குள் இருந்து வந்தது கணக்கில் சேராது என்றார்கள். பிறகு கிராம்ப்டன் வழக்கு. கைதாகி ஏறக்குறைய 19 மணித்தியாலம் கழித்து விசாரிக்கப்பட்ட ஹெரோயின் பாவனையாளர். நடுக்க நிலையில் இருப்பவரை அந்த நேரத்தில் விசாரித்ததே "செய்யப்பட்ட ஒன்று" ஆகுமா என்பதிலேயே நீதிமன்றம் சந்தேகம் தெரிவித்தது. வாக்குமூலம் செல்லுபடியானது.

நீதிபதிகள் பக்க நியாயமும் எனக்கு விளங்குகிறது. நடுங்கிக்கொண்டு உண்மை சொன்னவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பழக்கமுள்ளவர்கள் சொன்ன எல்லாவற்றையும் தூக்கி எறிந்தால், களவு கொடுத்தவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் என்ன பதில்? அந்தக் கையில் வெட்டுப்பட்டவரும் ஒரு தமிழ்ப் பிள்ளைதான். ஆனால் உள்ளே, வெளியே என்ற அந்தப் பிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நடுக்கம் உள்ளே இருந்து வருகிறது, சரி. கதவு யாருடையது? மருந்து கொடுக்கலாமா, எப்போது கொடுக்கலாம், எந்த மணிக்குக் கேள்வி தொடங்கலாம் என்பதெல்லாம் யார் கையில்? ஒருவரைப் பூட்டி வைத்து அவரது உடம்பின் கடிகாரத்தை ஓடவிட்டு, ஓடி முடிந்த நேரத்தில் ஒலிப்பதிவைத் தொடங்குவது, என் கணக்கில், செய்யப்பட்ட ஒன்றுதான். மனதில் கெட்ட எண்ணம் இல்லாமலே செய்யலாம். அன்று செய்ததும் அப்படித்தான், நானும் சேர்ந்து.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு வேறொரு பக்கத்தில் இருந்து வந்திருக்கிறது. 1954 புத்தாண்டு நாள் விடியற்காலையில் சிக்காகோவில் சார்ல்ஸ் டவுன்செண்ட் என்ற 19 வயது இளைஞர் கொலைச் சந்தேகத்தில் பிடிபட்டார். ஹெரோயின் பழக்கம். அன்று இரவு வயிற்றுவலி தாங்கமுடியாமல் துடித்தபோது பொலிஸ் மருத்துவர் வந்து ஒரு ஊசி போட்டார். வலி தணிந்தது. பிறகு அவர் கொலையை ஒப்புக்கொண்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஊசியில் பினோபார்பிட்டல் என்ற அமைதிப்படுத்தும் மருந்தோடு ஹையோசின் இருந்தது. ஹையோசினின் இன்னொரு பெயர் ஸ்கோபோலமின், உண்மையைக் கக்கவைக்கும் மருந்து என்று ஒரு காலத்தில் நம்பிக் கொடுத்த அதே பொருள். இரண்டும் ஒன்று என்பது முதல் விசாரணையில் வெளிவரவே இல்லை. 1963இல் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய, 5க்கு 4 என்று பிரிந்த தீர்ப்பு, மருத்துவரின் நோக்கம் என்ன, அந்த மருந்து என்ன செய்யும் என்று பொலிசுக்குத் தெரியுமா என்பதெல்லாம் முக்கியமில்லை என்றது. வாக்குமூலம் சுயமாக ஓடும் புத்தியில் இருந்தும் சுதந்திரமான மனத்தில் இருந்தும் வந்ததா என்பதே கேள்வி. அதை முறையாக ஆராய மத்திய நீதிமன்றம் விசாரணை நடத்தவேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பு பார்த்தது யார் தவறு செய்தார் என்பதை அல்ல, அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்பதை. எனக்கு அதுதான் சரியான இடமாகப் படுகிறது.

இந்தியாவில், இலங்கையில் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு, நல்லவேளை எங்கள் ஊரில் பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதல் சாதாரணமாகச் செல்லாதே என்று நினைக்கலாம். செல்லாதுதான். ஆனால் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வேறு வகையில் ஏற்கத்தக்க ஒப்புதலை, கொடுத்தபோது அவர் குடிவெறியில் இருந்தார் என்ற காரணத்தால் மட்டும் ஒதுக்கமுடியாது என்று எழுதிவைத்தது. அந்த வாசகம் 2023இல் வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் 22ஆம் பிரிவுக்குள் அப்படியே இருக்கிறது. 150 வருடத்தில் மூளையைப் பற்றி எவ்வளவோ தெரிந்துகொண்டோம். அந்த வரி அசையவில்லை.

பொய் வாக்குமூலங்களைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த உளவியலாளர் கிஸ்லி குட்ஜோன்சன், 1975இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் துப்பறிவாளராக வேலை செய்தவர். அப்போது ஒருவரை விசாரித்தார். ஒரு பெண்ணின் பணப்பையைத் திருடியதாகச் சந்தேகம். குடியால் அந்த மனிதருக்கு முந்தின இரவு நினைவில் இல்லை. நான்தான் எடுத்திருப்பேன் என்று ஒப்புக்கொண்டார். பிறகு பார்த்தால் திருட்டே நடக்கவில்லை. குட்ஜோன்சன் ஆளைக் கொடுமைப்படுத்தவில்லை. நினைவில் ஓட்டை இருந்தது, எதிரில் உறுதியோடு ஒரு பொலிஸ்காரர் இருந்தார், அந்த உறுதி ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பின்னாளில் அவரும் மனநல மருத்துவர் ஜேம்ஸ் மக்கீத்தும் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஒருவர் தன் நினைவின்மீதே நம்பிக்கை இழந்து, வெளியில் இருந்து வரும் கதையில் தொங்கிக்கொள்வது. 1974இல் ஐஸ்லாந்தில் இரண்டு பேர் காணாமல் போன வழக்கில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். நீண்ட தனிச்சிறை, நித்திரைக்கும் பதற்றத்துக்குமாகக் கொடுத்த மருந்துகள், ஓயாத கேள்விகள். அவர்களில் சிலர் தாங்கள் கொன்றதாகவே நம்பத் தொடங்கினார்கள். உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. 2018இல்தான் ஐந்து பேரை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

குட்ஜோன்சன் உருவாக்கிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. சின்னக் கதை ஒன்றை வாசித்துக் காட்டி, பிறகு 20 கேள்வி கேட்பார்கள். அதில் 15 கேள்விகள் கதையில் இல்லாததை இருப்பதுபோலக் காட்டுபவை. பிறகு, நிறையப் பிழை விட்டுவிட்டீர்கள், இன்னும் கவனமாகச் சொல்லுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி, அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். எத்தனைக்கு வளைந்தார், கண்டித்த பிறகு எத்தனையை மாற்றினார் என்று எண்ணுவார்கள். பூச்சி ஊரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அதைக் கொடுத்தால் என்ன வரும் என்று யோசிக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு நான் ஒன்றை மாற்றிக்கொண்டேன். "ஓம்" எந்தப் பொருளில் வந்தது என்று எனக்குத் தெளிவில்லாவிட்டால், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே துப்பறிவாளரிடம் சொல்கிறேன்: இந்தச் சொல்லுக்கு ஆமாம் என்றும் பொருள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள், எது என்று அவரிடமே கேட்கலாமா? சிலர் எரிச்சல்படுவார்கள். பெரும்பாலானவர்கள் கேட்கவிடுகிறார்கள். கோப்பையைக் குனிந்து குடிப்பதைப் பார்த்தால், மருத்துவம் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை, ஆனால் தாதி பார்த்துவிட்டாரா என்று சட்டத்தரணியிடம் கேட்கிறேன். அது என் எல்லைக்குள்ளா, வெளியேயா என்று சக உரைபெயர்ப்பாளர்களோடு வாக்குவாதம் பட்டிருக்கிறேன். படுவேன்.

அன்று பிற்பகல் அவருக்குக் குடி நின்ற நடுக்கத்தைத் தணிக்கும் குளோர்டயசெபொக்சைட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டார். சட்டத்தின் கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்தது. இரவு 8.15க்கு இரண்டாவது விசாரணை. இந்தமுறை கைகள் மேசைமேல் இருந்தன, கோப்பையைத் தூக்கிக் குடித்தார். தகராறு ஞாபகம் இருக்கிறது, பிறகு படிக்கட்டு ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை என்றார். போத்தல்? தெரியாது. துப்பறிவாளர் தன் குறிப்பைப் புரட்டினார். பகல் கேட்டபோது போத்தலை எடுத்ததாகச் சொன்னீர்களே என்றார்.

அவர் துப்பறிவாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் அப்பிடிச் சொன்னனானோ அக்கா?"

பதில் சொல்லும் உரிமை எனக்கில்லை. கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். துப்பறிவாளர் "யெஸ்" என்றார். நான் அவர் பக்கம் திரும்பி, "ஓம்" என்று சொன்னேன்.